கை எம்பிராய்டரி: அடுத்து எதைத் தைப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கேள்வி: மார்ச் 2, காலை

இரண்டு ஆண்டுகளாகக் கையால் எம்பிராய்டரி செய்கிறேன். சங்கிலித் தையல், காம்புத் தையல், சாட்டின் தையல், பிரெஞ்சு முடிச்சு என்று ஏறத்தாழ இருபது தையல்கள் கைவசம் உள்ளன. பெட்டி நிறைய நூல் இருக்கிறது. கைப்பேசியில் சேமித்த படங்கள் அறுநூறைத் தாண்டிவிட்டன. ஆனால் கடந்த நான்கு மாதங்களில் ஒரு துணியைக்கூட வளையத்தில் மாட்டவில்லை. ஒவ்வொரு மாலையும் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போகிறேன். தையலைக் கற்றுக்கொண்டுவிடலாம், எதைத் தைப்பது என்ற கற்பனை மட்டும் பிறவியிலேயே வர வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். உங்களிடம் கற்பனைக்குப் பஞ்சமில்லை. அறுநூறு படங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் சிக்கல். சேமித்து வைத்த படம் ஒவ்வொன்றும் முடிந்துபோன வேலை. அந்தத் துணி எவ்வளவு பெரியது, எத்தனை இழை நூல் ஓடியது, எத்தனை மாலைகள் பிடித்தன, எந்த இடத்தில் பிரித்துத் தைத்தார்கள் என்பது எதுவும் படத்தில் தெரியாது. முடிவை மட்டும் காட்டும் ஒன்றைப் பார்த்துத் தொடக்கத்தைத் தேடினால் கை நகராது.

இதை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூந்தோட்டத்தின் படத்தைப் பார்த்து மயங்கி, 40 செ.மீ. சதுரத் துணியில் பதினொரு வகைப் பூக்களை வரைந்து, இருபத்து மூன்று நிறங்களை வரிசையாக எடுத்து வைத்துத் தொடங்கினேன். மூன்றாவது பூவோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு பூவுக்கும் எந்தத் தையல், எந்த நிறம், இதழ் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. தைத்த நேரத்தைவிட யோசித்த நேரம் அதிகமாகி, கடைசியில் அந்தத் துணியைப் பார்த்தாலே களைப்பு வந்தது.

ஆகவே படத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு தையலிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தையல், ஒரு நிறம், உள்ளங்கை அளவுத் துணி. இவற்றை முதலில் முடிவு செய்துவிட்டால் என்ன உருவம் என்ற கேள்வி மிகவும் சிறியதாகிவிடும், ஏனெனில் அந்தத் தையலுக்கே சில உருவங்கள் பொருந்தும், சில பொருந்தா. சங்கிலித் தையல் வளைந்து ஓட விரும்பும். ஆகவே கொடி, சுருள், அலை, எழுத்து ஆகியவை அதற்குத் தானாகவே வரும். பிரெஞ்சு முடிச்சு ஒரு புள்ளி. மகரந்தம், ஆட்டுக்குட்டியின் ரோமம், கடற்கரை மணல் என்று எதையெல்லாம் புள்ளிகளால் நிரப்பலாமோ அவையெல்லாம் அதன் உலகம்.

மார்ச் 3

உள்ளங்கை அளவு என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து செ.மீ. வளையம். அதற்குள்ளும் உருவம் ஆறு செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். இரண்டு மூன்று மாலைகளில் முடியும் வேலைதான் நான்கு மாதம் சும்மா இருந்த கைக்கு ஏற்றது.

மார்ச் 5

பார்த்துத் தைப்பது திருட்டு, சொந்தமாக உருவாக்கினால்தான் கலை என்ற கருத்து இங்கே வந்திருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் பலரும் ஊசியைக் கீழே வைப்பதற்கு இந்தக் குற்ற உணர்வே காரணம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்பரோ மாளிகையில் பதினாறாம் நூற்றாண்டுத் தொங்கு திரைகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து அரசி மேரி சிறைக்காவலில் இருந்த ஆண்டுகளில், அவருடன் இருந்த ஷ்ரூஸ்பரி சீமாட்டி பெஸ்ஸும் அவரும் சேர்ந்து தைத்தவை. அவற்றில் உள்ள விலங்குகள், பறவைகள், மீன்கள் பலவும் சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் வெளியிட்ட மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்த்துத் தைத்தவை. அரசியே நூலைப் பார்த்துத்தான் தைத்தார். ஆனால் அச்சில் கறுப்புக் கோடாக இருந்த விலங்குக்கு என்ன நிறம் தருவது, பின்புலத்தை எப்படி நிரப்புவது, எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது என்பவை தைத்தவர்களின் முடிவுகள். ஐந்நூறு ஆண்டுகளை நெருங்கும் அந்த வேலையை இன்று பார்க்கிறவர்கள் அதை நகல் என்று தள்ளுவதில்லை.

அதற்கும் முன்பே, 1520-களில், ஜெர்மனியில் எம்பிராய்டரிக்கான மாதிரிப் புத்தகங்கள் அச்சாகத் தொடங்கிவிட்டன. அவற்றில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருப்பதற்குக் காரணம், அவற்றை மக்கள் உண்மையாகவே பயன்படுத்தியதுதான். பக்கத்தைத் துணிமேல் வைத்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டிக் கோலப்பொடி அச்சைப்போல் துணியில் இறக்கினார்கள். புத்தகம் கிழிந்தது; உருவம் துணிக்குப் போனது.

இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598 என்று ஆண்டு குறித்துத் தைத்த மாதிரித் துணி இருக்கிறது. ஆண்டு குறித்த பிரிட்டன் மாதிரித் துணிகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் அதுவே பழையது. நாய், மான் போன்ற உருவங்களும், எழுத்து வரிசையும், துண்டுத் துண்டான வடிவக் கோவைகளும் ஒரே துணியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நமக்குக் கைப்பேசியில் அறுநூறு படங்கள். அந்தக் காலத்தவர்களுக்குத் துணியில் தைத்த இருபது முப்பது உருவங்கள். அவர்கள் சேமித்த ஒவ்வொன்றும் ஒருமுறையாவது விரல் வழியே போயிருந்தது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பழையவற்றைத் தயங்காமல் பாருங்கள், தையுங்கள். இன்று உயிரோடு இருக்கும் ஒரு வடிவமைப்பாளரின் படத்தை அப்படியே தைத்து விற்பது வேறு. அதற்கு அவருடைய அனுமதி வேண்டும். விலைக்கு விற்கும் மாதிரியாக இருந்தால் அதை வாங்கித்தான் தைக்க வேண்டும், வீட்டுச் சுவருக்காக இருந்தாலும்கூட.

மார்ச் 6

மார்ச் 2 அன்று நான் எழுதியதைத் திருத்துகிறேன். படத்திலிருந்து தொடங்காதீர்கள் என்றது மிகையான கட்டளை. நேற்று மூன்று பத்திகள் பழைய வேலைகளைப் பாருங்கள் என்று எழுதியவளே அதற்கு மூன்று நாள் முன்பு பார்க்காதீர்கள் என்றும் எழுதியிருப்பது முரண்.

நான் சொல்ல வந்தது இதுதான்: பார்க்கும்போது அழகைப் பார்த்துவிட்டு நகராமல், வேலையைப் பாருங்கள். ஒரு படத்தை எடுத்தால் மூன்றே கேள்விகள். இந்த இடத்தில் என்ன தையல்? அது எந்தத் திசையில் படுத்திருக்கிறது? ஏன் இந்த நிறம் இங்கே? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு அந்தப் படத்தை மூடிவிடலாம். உங்களுக்குத் தேவையானது கைக்கு வந்துவிட்டது.

பேயூ திரைச்சீலையை உதாரணமாகச் சொல்கிறேன். திரைச்சீலை என்று பெயர் இருந்தாலும் அது நெய்ததன்று. லினன் துணியில் கம்பளி நூலால் தைத்த எம்பிராய்டரி. பதினோராம் நூற்றாண்டு வேலை, ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், 50 செ.மீ. உயரம். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்ற கதை. இவ்வளவு பெரிய வேலைக்கு நிறங்கள் ஏறத்தாழ பத்துதான். அவையும் மூன்று சாயச் செடிகளிலிருந்து வந்தவை. முதன்மையான தையல்களும் இரண்டே வகை: வெளிக்கோட்டுக்குக் காம்புத் தையல், உள்ளே நிரப்ப நூலை மேற்பரப்பில் பரப்பிக் குறுக்கு நூலால் பிணைக்கும் பரப்புத் தையல். அதில் வரும் குதிரைகளைப் பாருங்கள். நம் பக்கம் இருக்கும் கால்களுக்கு ஒரு நிறம், அப்பால் இருக்கும் கால்களுக்கு முற்றிலும் வேறு நிறம். அசல் குதிரைக்கு அப்படிக் கால் இருக்காது. ஆனால் எது முன்னே, எது பின்னே என்பது நிழல் தீட்டாமலேயே ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது.

இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு மட்டும் நான் நான்கு சிறிய வேலைகளைச் செய்திருக்கிறேன். முன்னால் உள்ள இலை பச்சை, பின்னால் உள்ள இலை துருச் சிவப்பு. குதிரையை நான் தைக்கவே இல்லை.

மார்ச் 9

ஓர் இலையை வைத்து ஏழு முறை தைத்த கதையைச் சொல்ல வேண்டும். மேலே பேசிய எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது இதுதான்.

நான்கு செ.மீ. நீளமுள்ள, இரு முனையும் கூரான ஓர் எளிய இலையை அட்டையில் வெட்டி, அதை வைத்து ஒரே துணியில் ஏழு முறை வரைந்தேன். ஏழுக்கும் ஒரே பச்சை. முதல் இலை மீன்முள் தையல்: நடு நரம்பில் இரு பக்கத்திலிருந்தும் நூல்கள் மாறி மாறி வந்து பின்னிக்கொள்ளும், அச்சு அசல் இலைபோல் வரும். இரண்டாவது சாட்டின் தையல், குறுக்காக. மூன்றாவது சங்கிலித் தையலை வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கி வரிசை வரிசையாக. நான்காவது வெறும் வெளிக்கோடும் நரம்பும், காம்புத் தையலில். ஐந்தாவதில் வெளிக்கோட்டுக்குள் குட்டித் தனித் தையல்களை விதை தூவினாற்போல் சிதறவிட்டேன். ஆறாவது வலப் பாதியை மட்டும் நிரப்பி இடப் பாதியைக் கோடாக விட்டது. ஏழாவது ஓட்டுத் தையல் மட்டும், இணைகோடுகளாக.

ஐந்து மாலைகள் பிடித்தன. முடிந்தபோது வளையத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஒரே நூல், ஒரே நிறம், ஆனால் ஏழு பச்சைகள். குறுக்காகப் படுத்த சாட்டின் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பி மின்னியது. சங்கிலி அந்த ஒளியை உடைத்து மங்கலாக்கியது. விதைத் தையலில் துணியின் வெள்ளை ஊடே தெரிந்து இளம்பச்சை ஆகியது. அந்த வேலைக்குப் பிறகுதான் நிறம் என்பது நூலில் மட்டும் இருப்பதன்று, நூல் படுக்கும் திசையிலும் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அடுத்து எதைத் தைப்பது என்ற கேள்வி அதன்பின் பல மாதங்களுக்கு வரவில்லை, ஏனெனில் ஆறாவது இலையே இன்னும் பல வேலைகளைக் கேட்டது. பாதி நிரப்பிய பறவை, பாதி நிரப்பிய சாவி, பாதி நிரப்பிய பழைய வீட்டுக் கதவு என்று அது போய்க்கொண்டே இருந்தது.

இரண்டாவது இலையில் ஒரு பிழையும் நடந்தது. சாட்டின் தையலின் அகன்ற இடம் ஒன்றரை செ.மீ. ஆகிவிட்டதால் நூல்கள் தொய்ந்து, விரல் பட்டாலே இழுத்துக்கொண்டன. ஒரு செ.மீ.யைத் தாண்டும் இடங்களை நடுவில் பிரித்து இரு பாதியாகத் தைக்க வேண்டும், அல்லது நீளமும் குட்டையுமாக நூல்களை மாற்றி வைத்து நிரப்ப வேண்டும்.

மார்ச் 10

நேற்று இழைக் கணக்கை எழுதவில்லை, கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான பருத்தி எம்பிராய்டரி நூல் ஆறு இழை கொண்டது. ஒரு கண்டு 8 மீட்டர். நான் அந்த இலைகளுக்கு மூன்று இழை எடுத்தேன். இன்று அந்தத் துணியை எடுத்து மீண்டும் பார்க்கையில் சாட்டினுக்கும் மீன்முள்ளுக்கும் மூன்று அதிகம் என்றே படுகிறது. விளிம்பு தடித்துக் கூர்மை மழுங்கியிருக்கிறது. நான்கு செ.மீ. இலைக்கு இரண்டு போதும், மெல்லிய துணியில் ஒன்றேகூடப் போதும். இழைகளை ஒன்றொன்றாக உருவி எடுத்து மறுபடி சேர்த்துக் கோக்க வேண்டும். அப்போதுதான் அவை முறுக்கின்றிச் சமமாகப் படுக்கும். ஒரு தடவைக்கு முழங்கை அளவு நூல், அதற்கு மேல் வேண்டாம். ஊசி எண் கூடக் கூட ஊசி மெலிதாகும் என்பதையும் புதியவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

மார்ச் 14

சென்ற வாரம் ஒரு பருத்திச் சட்டையின் முழங்கை நைந்து ஓட்டை விழுந்தது. அதைத் தைத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை குறிப்புகளிலும் நான் விட்டுவிட்ட ஒரு பெரிய ஊற்று நினைவுக்கு வந்தது: கிழிந்த துணி.

வெற்றுத் துணி எதை வேண்டுமானாலும் கேட்கும், ஆகவே எதையும் கேட்காது. நைந்த துணி அப்படியில்லை. இங்கே தை, இவ்வளவு அகலம் தை, இந்தத் திசையில் இழு, இத்தனை உறுதியாகத் தை என்று அதுவே சொல்லிவிடும். நமக்கு மிஞ்சுவது எந்த நிறம், என்ன கோலம் என்ற சிறிய மகிழ்ச்சியான தேர்வு மட்டுமே. ஜப்பானின் சஷிக்கோ இப்படித்தான் தோன்றியது. அவுரிச் சாயம் தோய்ந்த நீலத் துணிகளை அடுக்கி, உறுதிக்காகவும் கதகதப்புக்காகவும் வெள்ளைப் பருத்தி நூலில் ஓட்டுத் தையல் போட்டார்கள். அந்த ஓட்டுத் தையலே அலையாகவும் மூங்கில் வேலியாகவும் கட்டங்களாகவும் வளர்ந்தது. வங்காளத்தின் காந்தாவும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்ததுதான்; தைக்கும் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். இவ்விரண்டுக்கும் அடிப்படை நாம் சிறுவயதில் முதலில் கற்கும் அந்த ஓட்டுத் தையல்தான். கருவுக்காகக் காத்திருந்து அவர்கள் தைக்கவில்லை. துணி நைந்தது, தைத்தார்கள், கோலம் பிறந்தது.

என் முழங்கைக்கு உள்பக்கமாக ஒரு துண்டுத் துணியை வைத்து, அரை செ.மீ. இடைவெளியில் இணைகோடுகள் வரைந்து, வெளிர்நீல நூலில் ஓட்டினேன். வளையும் இடம் என்பதால் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நூலைச் சற்றே தளர்த்தி விட வேண்டும். இறுக்கினால் முதல் முறை கழுவும்போதே சுருங்கிவிடும். கறை படிந்த மேசைவிரிப்பு, பூச்சி அரித்த கம்பளி, பொத்தான் பிய்ந்து வந்த இடம் எல்லாமே இப்படிப்பட்ட வேலைகள்தான். உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே உங்களுக்காகப் பத்து வேலைகளாவது காத்திருக்கும்.

மார்ச் 15

வரையத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். வரையவே வேண்டாத எம்பிராய்டரி ஒரு பெரும் உலகம். துணியின் இழைகளை எண்ணித் தைப்பது அது.

கர்நாடகத்தின் கசூதியில் கோடு வரையும் வழக்கமே இல்லை; இழைகளை எண்ணி எண்ணியே கோபுரமும் தேரும் யானையும் எழுகின்றன. அதன் கவந்தித் தையல் சென்ற வழியே திரும்பி வந்து இடைவெளிகளை நிரப்புவதால் துணியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், முடிச்சும் கிடையாது. நீலகிரியின் தோடர்கள் வெளிர் நிறத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் வேலையும் எண்ணித் தைப்பதே. இரண்டு நிறங்களில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. ஐரோப்பாவில் இதே இருவழி ஓட்டுத் தையலுக்கு ஹோல்பைன் தையல் என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஹோல்பைன் வரைந்த உருவப்படங்களில் சட்டைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் இந்த வேலை நுட்பமாகத் தெரிவதால் அந்தப் பெயர் வந்தது.

கட்டத் தாள் ஒன்று போதும். கட்டங்களை நிரப்பி நீங்களே உருவம் அமைக்கலாம். அளவும் முன்கூட்டியே தெரிந்துவிடும்: அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள ஐடா துணியில் 70 கட்ட அகல உருவம் ஐந்து அங்குலம், அதாவது 12.7 செ.மீ. வரும். அங்குலத்துக்கு 28 இழையுள்ள லினனில் இரண்டிரண்டு இழைகளாக எண்ணினாலும் அதே அளவு. நான் கட்டத் தாளில் செய்த முதல் வேலை எங்கள் சன்னல் கம்பியின் வடிவம். ஏழு கட்டத்தில் ஒரு சுழற்சி. அதையே திருப்பித் திருப்பி வைத்து ஒரு புத்தகக் குறி செய்தேன். சன்னல், தரை ஓடு, கூடைப் பின்னல், செங்கல் அடுக்கு என்று நம்மைச் சுற்றி இருப்பவற்றில் பாதி ஏற்கெனவே கட்டங்களாகத்தான் இருக்கின்றன.

மார்ச் 21

வரைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, மிகுந்த வருத்தத்தோடு. சூட்டில் மறையும் மைப்பேனாவால் துணியில் வரைந்து, தைத்து முடித்து, இஸ்திரிப் பெட்டியால் கோடுகளை மறைத்து, ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அது கடும் குளிர் உள்ள ஊருக்குப் போனது. திறந்து பார்த்தபோது எல்லாக் கோடுகளும் திரும்பி வந்திருந்தன. அந்த மை போகவில்லை; சூட்டில் நிறம் இழக்கிறது, கடும் குளிரில் நிறம் திரும்புகிறது, அவ்வளவே. நீரில் கரையும் பேனா இதற்கு மேல். ஆனால் அதைக் கழுவும் முன் இஸ்திரி போடக் கூடாது. சூட்டில் அந்த மை துணியோடு நிலைத்துவிடும். இரண்டுக்கும் முன்பு அதே துணியின் ஓரத்துண்டில் சோதித்துப் பாருங்கள். நான் இப்போது சன்னல் கண்ணாடியில் படத்தையும் துணியையும் சேர்த்து ஒட்டி, பின்னால் வரும் வெளிச்சத்தில் மெல்லிய பென்சிலால் வரைகிறேன். தையலால் முழுவதும் மூடப்போகும் கோட்டுக்கு அதுவே போதும்.

மார்ச் 22

ஒரே நிறம் என்ற என் முதல் குறிப்பை மூன்று பேர் பின்பற்றிப் பார்த்து, இரண்டாவது வேலையிலேயே சலிப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஏற்கிறேன். ஒரே நிறம் தொடக்கத்துக்கான ஊன்றுகோல். அதை எறிய வேண்டிய நேரம் வரும்.

ஆனால் இருபத்து மூன்று நிறத்துக்குத் தாவ வேண்டாம். அடர்த்தியில் வேறுபடும் ஒரே குடும்பத்து நிறங்கள் மூன்று, அவற்றோடு ஒட்டாத ஒன்று. அடர்த்தி வேறுபடுகிறதா என்று அறிய நூல் கண்டுகளைச் சேர்த்து வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு கண்டுகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றுள் ஒன்று தேவையில்லை. ஒட்டாத நான்காவது நிறத்தை எங்கே வைப்பது என்பதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. பேயூவின் நீலக் குதிரைக்குச் சிவப்புக் கால் வைத்தவர் அதை அறிந்திருந்தார்.

ஏப்ரல் 4

நாள்தோறும் ஒரு சிறு உருவம் தைத்து, ஆண்டு முழுவதையும் ஒரே வளையத்தில் நிரப்பும் தையல் நாட்குறிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வட்டத்தைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து மாதத்துக்கு ஒன்று. நான் ஒரு முறை தொடங்கி முப்பத்தெட்டு நாள் தைத்தேன். பிறகு காய்ச்சலில் ஆறு நாள் விட்டுப்போனது. விட்டதை ஈடுசெய்ய ஒரே நாளில் ஆறு உருவம் தைத்தபோது அவை பொய்யாக இருந்தன, நிறுத்திவிட்டேன். அடுத்த ஆண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றினேன். ஐம்பத்திரண்டும் நிறைந்தன. நாளைக்கு ஒன்று என்பது உருவம் தேடும் ஓட்டமாகிவிடுகிறது; வாரத்துக்கு ஒன்று என்றால் ஏழு நாளில் எது மனத்தில் நின்றது என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்கிறது. உடைந்த குடைக்கம்பி, மருந்துச் சீட்டின் மடிப்பு, பல் விழுந்த குழந்தையின் சிரிப்பு என்று அந்த வளையத்தில் இருப்பவற்றில் ஒன்றுகூட நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

குழந்தை என்றதும் இன்னொன்று. அக்காள் மகள் நான்கு வயதில் வரைந்த பூனைக்கு ஐந்து கால்கள். அதைத் துணிக்கு மாற்றும்போது ஒரு காலை விட்டுவிடலாமா என்று யோசித்து, நல்லவேளையாக விடாமல், அவள் பென்சில் அழுத்திய இடத்தில் மூன்று இழையும் மெலிந்த இடத்தில் ஓர் இழையுமாகப் பின் தையலில் தைத்தேன். குழந்தையின் கோடு நம்முடைய கோட்டைவிடத் துணிச்சலானது. அதைத் திருத்தாமல் பின்தொடர்ந்தால் நம் கையும் அந்தத் துணிச்சலைக் கொஞ்சம் கற்றுக்கொள்கிறது. அவளுக்கு இப்போது பதினோரு வயது. அந்தத் துணி அவள் மேசைக்கு மேல் தொங்குகிறது, ஐந்தாவது கால் வால் என்று அவள் இன்று வாதிடுகிறாள்.

ஏப்ரல் 5

அது வாலில்லை. வால் தனியாக இருக்கிறது. துணியை மறுபடி பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 12

கேள்வி கேட்டவர் தலையணை உறையின் நைந்த ஓரத்தில் சஷிக்கோ வரிசைகள் போட்டு முடித்ததை எழுதியிருக்கிறார். வரிசை ஓரிடத்தில் கோணியிருப்பதைப் பிரிக்கலாமா என்று கேட்கிறார். பிரிக்க வேண்டாம். பிரித்த இடத்தில் ஊசித்துளை அகன்று நிற்கும். ஏற்கெனவே நைந்த துணிக்கு அது நல்லதில்லை. அடுத்த வரிசையை அந்தக் கோணலுக்கு இணையாக ஓட்டினால் அது அலையாகிவிடும். கழுவிய பின் தடித்த துவாலையின்மேல் தையல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துப் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள், தையல் நசுங்காது.

அவருடைய செய்தியைப் படித்துவிட்டு, மூன்று பூவோடு நின்ற என் 40 செ.மீ. தோட்டத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆக்ஸ்பரோ திரைகளில் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனித் துண்டாகத் தைத்து, பிறகே பச்சை வெல்வெட்டில் பொருத்தினார்கள் என்பது அதைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. தோட்டத்தை முடிக்கப் போவதில்லை என்று தீர்மானித்து, முடிந்திருந்த மூன்று பூக்களையும் ஓரம் விட்டு வெட்டி எடுத்தேன். கத்தரிக்கோல் துணியில் இறங்கியபோது கை நடுங்கியது உண்மை. ஒன்று ஒரு பையின் மூலையில் அமர்ந்துவிட்டது. இரண்டாவதை யாருக்குத் தருவது என்று தெரியும். மூன்றாவது, ஊசிகளைக் குத்தி வைக்கும் சிறு துணிப் புத்தகத்துக்கு முன்னட்டை ஆகியிருக்கிறது. பின்னட்டை இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதில் மீன்முள் தையலில், இரண்டு இழையில், ஒரே ஓர் இலை வரும்.